இங்கிலீஷ் கிராமத்தில கடை வச்சிருந்த ஆக்கள், ஊர்த்திருவிழா பார்த்த ஆக்கள் – உங்கட அனுபவத்தை எழுதுங்கோ

நானே தொடங்கிறன். அப்பா 1989ல டார்பிஷையரில ஒரு சின்ன ஊரில கடை வாங்கினவர், முன்னுக்குப் பலசரக்கு, ஒரு மூலையில போஸ்ட் ஒஃபிஸ் கண்ணாடிக் கவுண்டர், மேல்மாடியில நாங்கள். ஊர்ப்பேர் எழுதேல்லை, எழுதினா ஆக்களையும் கண்டுபிடிச்சிடுவியள், அவ்வளவு சின்ன இடம். இப்ப அம்மா அப்பா ரெண்டு பேரும் லண்டனில எங்களோடதான், ஆனா தேத்தண்ணி குடிக்க இருந்தா கதை திரும்பத் திரும்ப அங்கதான் போகுது.

விடிய அஞ்சு மணிக்கு பேப்பர்க் கட்டு வாசல்ல தொப்பெண்டு விழும். அந்த ஊரில கன வீட்டுக்கு நம்பர் இல்லை, பேர்தான், அப்பா ஒவ்வொரு பேப்பரின்ர மூலையிலயும் பென்சிலால வீட்டுப்பேர் எழுதுவார், ரோஸ் கொட்டேஜ், ஓல்ட் ஃபோர்ஜ், சாப்பல் ஹவுஸ் எண்டு, அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டவே அந்த வீட்டுப்பேர்கள்தான் பழக்கினது. வியாழக்கிழமை பென்ஷன் நாள், புத்தகத்தைக் கொண்டு வந்து வயது போனவை கதவு வரைக்கும் கியூவில நிப்பினம், காசு எடுத்திட்டு உடன போகமாட்டினம், முழங்கால் நோ, பேரப்பிள்ளை, முயல் வந்து லெட்டூஸ் திண்டது எல்லாம் சொல்லித்தான் போவினம். 2003ல இருந்து பென்ஷனை பாங்குக்கே போடத் தொடங்கினாப் பிறகு அந்தக் கியூ மெல்ல மெல்லக் குறைஞ்சு போச்சு, அப்பாவுக்கு அது பெரிய கவலை.

போத்தல் இனிப்பையும் சொல்லவேணும். பெயார் டிராப்ஸ், ஹம்பக், கோலா கியூப்ஸ் எல்லாம் பெரிய போத்தல்களில தட்டு நிறைய. வந்த புதுசில ஒராள் "எ குவாட்டர்" எண்டு கேட்க அப்பாவுக்கு உடன விளங்கீற்றுது, கால் றாத்தல், எங்கட ஊரில றாத்தல் கணக்கிலதானே பாணே வாங்கினது. 113 கிராம். 2000ம் ஆண்டு ஜனவரியில இருந்து உதிரிச் சாமானைக் கிராமிலதான் நிறுக்கவேணும் எண்டு சட்டம் வந்தது, ஆனா சனம் கேட்கிறது குவாட்டர்தான், அப்பா நிறுக்கிறது 113தான்.

அம்மாவுக்கு அப்ப இங்கிலீஷ் பெரிசா வராது, பின்னுக்குத்தான் நிப்பா. ஒரு ஜூன் மாசம் ஒரு வயது போன மனுசி வந்து உப்புப் பைக்கற் இருக்கிறதெல்லாத்தையும் கேட்டா. இவ்வளவு உப்பு என்னத்துக்கு எண்டு அம்மா கையால சைகை காட்டிக் கேட்க, அந்த மனுசி அம்மாவின்ர கையைப் பிடிச்சு முன்வீட்டுக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டா. அங்க பார்த்தா கிணறு சோடிக்கிற வேலை நடக்குது. டார்பிஷையரில இது பழைய வழக்கம், 1348–49ல பிளேக் வந்து சனம் செத்துக்கொண்டிருக்கேக்க டிசிங்டன் ஊர் தப்பினது நல்ல கிணத்துத் தண்ணியாலதான், அதுக்கு நன்றியாத்தான் தொடங்கினது எண்டு அங்க சொல்லுவினம். டிசிங்டனில வழமையா ஈஸ்டர் நாளையும் சேர்த்து எண்ணி நாப்பதாம் நாள், அசென்ஷன் வியாழன் அண்டு செய்யிறது, மற்ற ஊர்கள் கோடை முழுக்க ஆளுக்கொரு கிழமை.

கிணத்தடியில வைக்கப் பூவால படம் செய்யிறதுதான் வேலை. பெரிய பலகையை நாள்கணக்கில தண்ணியில ஊறவிட்டு, களிமண்ணை உப்புப் போட்டுக் காலால மிதிச்சுக் குழைச்சு அப்பிறது. உப்பு போட்டாத்தான் மண் காயாதாம். அதுக்கு மேல படம் கீறின பேப்பரை வச்சு ஊசியால குத்தி, கோட்டைச் ஆல்டர் மரத்தின்ர சின்னச் சின்னக் காய்களால அடுக்கி, உள்ளுக்குப் பூவிதழ். அம்மா மேல இருந்து கீழ ஒட்டத் தொடங்க, மனுசி தலையாட்டி, கீழ இருந்து மேல எண்டு காட்டினவ, ஒண்டுக்கு மேல ஒண்டு படிஞ்சாத்தான் மழைத்தண்ணி வழிஞ்சு ஓடும். "அட, கிடுகு வேயிற மாதிரி" எண்டு அம்மா தமிழிலயே சொன்னாவாம். மூண்டு இரவு பதினொரு மணி வரைக்கும் இருந்தவ. அதுக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் நீலம் முழுக்க அம்மாவின்ர பொறுப்பு, ஹைட்ரேஞ்சியா இதழ் பிய்ச்சுப் பிய்ச்சு விரலெல்லாம் சுருங்கிப் போயிருக்கும்.

—

நான் கென்ற் பக்கம் ஒரு கிராமத்துக் கடையில பத்து வருசம் வேலை செய்தனான். ஃபேட் எண்டுற ஊர்த்திருவிழாவுக்கு நாப்பது தேங்காய் எடுத்துத் தர ஏலுமோ எண்டு கமிட்டி ஆக்கள் கேட்டவை, நான் ஏதோ சமையலாக்கும் எண்டு நினைச்சு குடுத்தன். போய்ப் பார்த்தா இரும்புக் கம்பிக்கு மேல தேங்காயை வச்சு மரப்பந்தால எறியீனம், விழுத்தினா தேங்காய் உங்களுக்கு. வெண்ட பெடியனுக்கு அதை என்ன செய்யிறது எண்டு தெரியாது, தகப்பன் சுத்தியலால அடிக்கிறார், மரம் அரியிற வாளால அறுக்கப் பார்க்கிறார். நான் கடைக்கு ஓடிப்போய் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து பின்பக்கத்தால சுத்திவர நாலு தட்டு, சரிபாதியாப் பிளந்து இளநீர் மாதிரித் தண்ணியைக் கப்பில ஊத்திக் குடுத்தன், உள்ளுக்குப் பால் இல்லையோ எண்டு பெடியன் கேட்டான். அடுத்த வருசம் எறியிற இடத்துக்குப் பக்கத்திலயே எனக்கெண்டு ஒரு மேசை போட்டு வச்சிருந்தவை.

—

நாங்க கோயம்புத்தூர் பக்கம், இப்ப லெஸ்டர்ல இருக்கோம். ஈஸ்டர் திங்கட்கிழமை ஹாலட்டன்னு ஒரு ஊர்ல பாட்டில் கிக்கிங் நடக்கும், ஒரு தடவையாவது போய்ப் பாருங்க. பேருதான் பாட்டில், நிஜத்துல சின்ன மரப் பீப்பா, மொத்தம் மூணு, ரெண்டுல பீர், ஒண்ணு வெறும் கட்டை. ஹாலட்டன் ஒரு பக்கம், பக்கத்து ஊர் மெட்போர்ன் ஒரு பக்கம், அவங்கவங்க ஓடையைத் தாண்டி பீப்பாயை உருட்டிட்டுப் போகணும், வேலி முள்ளு சேறு எதுவும் பாக்க மாட்டாங்க. அதுக்கு முன்னாடி 'முயல் பை'ன்னு மாவுக்குள்ள கறி வச்சுச் சுட்ட பண்டத்தைப் பாதிரியார் ஆசீர்வாதம் பண்ணி கூட்டத்துக்குள்ள வீசுவாங்க. நான் பையனோட வேலி ஓரமா நின்னுட்டிருந்தேன், உள்ளூர்ப் பெரியவர் ஒருத்தர் தோளைத் தட்டி கூட்டம் எந்த நேரமும் இந்தப் பக்கம் சாயும், மேட்டுக்கு வாங்கன்னு கூட்டிட்டுப் போனாரு. அரை நிமிஷம் கூட ஆகல, நாங்க நின்ன இடத்துல வேலியே சாஞ்சு கெடக்கு. எங்க ஊரு மஞ்சுவிரட்டுல மாடு வர்றப்ப சத்தம் போட்டு ஓரம் கட்டுற தாத்தா ஞாபகம் வந்துருச்சு.

—

திரும்பவும் நான்தான். தேங்காய்க் கதையை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான், கண்ணில தண்ணி வரச் சிரிச்சவ.

போன ஜூன் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனனான். உப்பு வாங்கின மனுசி இப்ப இல்லை. அவவின்ர மகள் அம்மாவைக் கண்டதும் கதைக்கக்கூட இல்லை, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நீல இதழ்த் தட்டை மடியில வச்சிட்டா. எங்களிட்ட வாங்கினவர் விட்டிட்டுப் போனாப் பிறகு கடையை ஊர்ச்சனமே பங்கு போட்டு எடுத்து மாறி மாறி நிண்டு நடத்தீனம், போஸ்ட் கவுண்டர் இருந்த மூலையில கோப்பி மெஷின். கதவடியில குடுக்கப்படாத பேப்பர் ரெண்டு மூண்டு கிடந்தது. அப்பா குனிஞ்சு எடுத்துப் பார்த்தார், மூலையில பென்சிலால ஓல்ட் ஃபோர்ஜ். எடுத்தவர் கீழ வைக்கேல்லை, கடையில நிண்ட ஆரையோ கேட்டார், இதை நான் கொண்டு போய்க் குடுக்கட்டோ எண்டு.