புதுப்பிப்பு: நொய்யலில் மட்டி விடும் விஷயம்

பவானி ஆற்றில் மட்டி (ஆற்றுச் சிப்பி) அள்ளி வந்து நொய்யல் ஆற்றில் விடலாமா என்று முன்பு கேட்டிருந்தேனே, இப்போதைக்கு விடவில்லை. முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். மட்டி பாதி உடம்பை மணலுக்குள் புதைத்து வாழ்வது. மணல் அள்ளிய இடத்தில் எதில் ஊன்றும்? நொய்யலில் கழிவு கலந்த திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது சரி, ஆனால் பழைய கழிவு தங்கியிருக்கலாம் என்பதால் அடிச்சேற்றையும் சோதிக்காமல் மட்டி விடக்கூடாது. சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் யோசிக்கவே வேண்டாம்.

அப்புறம் தொட்டியில் வளர்ப்பது. மட்டியின் இளம்புழு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டி, குட்டி மட்டியாக மாறிய பிறகே உதிர்ந்து அடியில் விழும். அதனால் மீனும் வேண்டும். ஜிலேபி மீன் (திலேப்பியா) போதுமே என்கிறார் குளம் குத்தகைக்கு எடுத்த மாமா. நாட்டு மீனில் தொடங்கலாங்க என்றேன். இளம்புழுவை ஒட்டவிட்ட மீனுக்கு எதிர்ப்புச் சக்தி வரலாம், அதனால் அடுத்த முறை வேறு மீன் பிடிப்பது நல்லது.