15 வயதுப் பூனை, வழுக்கும் டைல்ஸ், ராத்திரிக் கத்தல்: வீட்டில் என்ன மாற்றலாம்?

மாடிவீட்டுக்காரி:
எங்கள் முத்தம்மாவுக்கு (பூனைதான், பாட்டி இல்லை) இந்தப் பொங்கலோடு 15 வயது முடிந்தது. பெரம்பூரில் இரண்டாவது மாடி, வீடு முழுக்க வழவழ டைல்ஸ். முன்பெல்லாம் ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்து எங்களை மேற்பார்வை பார்ப்பாள், இப்போது கட்டிலில் ஏறவே இரண்டு தடவை யோசித்துவிட்டு அப்புறம் கட்டிலுக்கு அடியிலேயே படுத்துக்கொள்கிறாள். ஒரு மாதமாக மணல் தட்டை விட்டுவிட்டுப் பக்கத்து மிதியடியில் மூத்திரம் போகிறாள். ராத்திரி இரண்டு மணிக்கு ஹால் நடுவே நின்று ஒரே கத்தல். "வயசாயிடுச்சு, விடு" என்கிறார் அம்மா. எனக்கு விட மனசில்லை. அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்? மூட்டு வலி என்றால் பாராசிட்டமாலில் கால் துண்டு கொடு என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார், கொடுக்கலாமா?

கொல்லைக்கதவு:
கொடுக்கவே கூடாது, கால் துண்டுகூட வேண்டாம். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, மூச்சு வாங்கி, உயிரே போய்விடும். நாய்க்கு உண்ணிக்காக விடுகிற பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு விஷம். அப்புறம் தரை துடைக்கப் பினாயில் போடுகிறீர்களா? அதை நிறுத்துங்கள், அது பாதத்தில் ஒட்டும், பூனை நக்கும். வெறும் சோப்புத் தண்ணீர் போதும்.

திண்ணைவாசி:
மணல் தட்டு எவ்வளவு உயரம்? எங்கள் கிழவனும் இதே வேலையைச் செய்தான், நாங்கள் திமிர் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தோம் (இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது). கடைசியில் பார்த்தால் விளிம்பைத் தாண்டக் காலைத் தூக்கும்போது அவனுக்கு இடுப்பு வலித்திருக்கிறது. 12 வயதுக்கு மேற்பட்ட பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தெரியும், ஆனால் அவை நொண்டாது, குதிப்பதை மட்டும் குறைத்துக்கொள்ளும். ஒரு பெரிய பிளாஸ்டிக் டப் வாங்கி ஒரு பக்கத்தை மட்டும் ஐந்தாறு சென்டிமீட்டர் உயரத்துக்கு அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் ஒரு தட்டு இருக்கட்டும்.

டைல்ஸுக்குப் பழைய யோகா மேட்டை நீளநீளமாக வெட்டிப் படுக்கை, சாப்பாடு, மணல் தட்டு மூன்றுக்கும் நடுவே பாதை மாதிரி போட்டோம், ஒரே வாரத்தில் அவன் அந்தப் பாதையை விட்டு இறங்கவே மாட்டேன் என்று ஆகிவிட்டான். கட்டிலுக்கு ஒரு முக்காலி, அதன்மேல் சாக்கு கட்டிவிட்டால் வழுக்காது. நகத்தையும் பாருங்கள். வயதான பூனைகள் நகத்தைச் சரியாகக் கீறித் தேய்ப்பதில்லை, அது வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்திவிடும்.

வேப்பமரத்தடி:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் முக்காலிக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. ராத்திரி கத்துவதற்குக் காது மந்தம், மறதி, ரத்த அழுத்தம், தைராய்டு என்று எதுவும் காரணமாகலாம். தண்ணீர் அதிகம் குடித்து மூத்திரமும் அதிகம் போனால் கிட்னியைச் சந்தேகிக்க வேண்டும், நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டு. மிதியடி விஷயம்கூட வலியாக இல்லாமல் தட்டு சீக்கிரம் நனைந்துபோவதாலேயே இருக்கலாம். கிட்னியில் பெரும்பகுதி பழுதான பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவு) ஏறும், அதனால் மூத்திரப் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள், ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். அது எகிறினால் ஒரே நாளில் கண் போய்விடும். பெரம்பூர் என்கிறீர்கள், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தானே. காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும்.

வீட்டில் எடை பாருங்கள். காய்கறி நிறுக்கும் டிஜிட்டல் தராசில் ஒரு கூடையை வைத்து அதில் உட்கார வைத்தால் போதும், வாரம் ஒரு தடவை காலண்டரில் குறித்து வையுங்கள். தண்ணீரை மூன்று நான்கு இடத்தில் அகலமான கிண்ணத்தில் வையுங்கள். உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் மீன் வேகவைத்த தண்ணீர் கொடுத்தால் ஆசையாகக் குடிக்கும். ஹாலில் ஒரு நைட் லேம்ப் எரியட்டும். சாப்பாட்டை ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், பட்டினி கிடந்தால் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும்.

மாடிவீட்டுக்காரி:
எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் கூடையில் வைத்து நிறுத்தேன், 3.1 கிலோ. போன வருடத் தடுப்பூசி அட்டையில் 3.8 என்று இருக்கிறது, பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. நாளைக் காலை வேப்பேரி போகிறோம், அம்மாவும் வருகிறேன் என்கிறார். நகம் நீங்கள் சொன்னது போலவே, முன்னங்காலில் ஒன்று சதையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதை நானே வெட்டலாமா, அங்கேயே வெட்டச் சொல்வதா?

திண்ணைவாசி:
சதையைத் தொட்டுவிட்டது என்றால் நீங்கள் கை வைக்காதீர்கள், அங்கேயே வெட்டட்டும். கூடையில் அவள் வழக்கமாகப் படுக்கும் துணியைப் போட்டு எடுத்துப்போங்கள்.