அம்மா படித்த பேராதனையும் மலைநாடும்: பதினான்கு பேர் செல்லும் குடும்பப் பயணத்துக்கு ஆலோசனை வேண்டும்

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அம்மாவுக்கு நாங்கள் ஐந்து பிள்ளைகள். நான் கொழும்பில், பெரியண்ணா ரொறன்ரோவில், அக்காவும் தம்பியும் லண்டனில், சின்னண்ணா யாழ்ப்பாணத்தில் என்று வாழ்கிறோம். அப்பாவின் அந்தியேட்டிக்குப் பிறகு ஐவரும் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை. ஒன்பது வருடங்கள் ஓடிவிட்டன. வரும் ஆகஸ்ட் மாதம் எல்லோரும் வருகிறார்கள். அம்மாவையும் சேர்த்துப் பதினான்கு பேர் ஆறு நாட்களுக்கு ஒன்றாகப் பயணம் செய்ய விரும்புகிறோம்.

பிள்ளைகளில் மூவர் பல்கலைக்கழக வயதை நெருங்கிவிட்டவர்கள். என் மகள் அடுத்த முறை உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றப்போகிறாள். பொறியியல்தான் படிக்க வேண்டும் என்று நிற்கிறாள். பெரியண்ணாவின் மகனும் அக்காவின் மகளும் இங்கே படிக்கப்போவதில்லை என்றாலும், தங்கள் அம்மம்மாவும் அப்பம்மாவுமான ஒருத்தி எங்கே படித்தாள் என்று பார்க்க ஆசைப்படுகிறார்கள். அம்மா எழுபதுகளின் தொடக்கத்தில் பேராதனையில் கலைப்பீட மாணவியாக, சங்கமித்தை விடுதியில் இருந்தவர். பட்டம் பெற்றுத் திரும்பிய பின்னர் அவர் அங்கே மீண்டும் போனதே இல்லை. இப்போது வயது எழுபத்தைந்து கடந்துவிட்டது. முழங்கால் வலி உண்டு. தம்பியின் கடைக்குட்டிக்கு எட்டு வயது.

நான் போட்ட திட்டம் இதுதான்: முதல் நாள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைப் பார்த்துவிட்டுப் பேராதனைக்குச் சென்று, பிறகு தும்பறை மலைத்தொடர், ஹோட்டன் சமவெளி, கித்துல்கலவில் படகோட்டம், அங்கிருந்து கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலை, கடைசியாக யாழ்ப்பாணம். இதைச் சின்னண்ணாவிடம் வாசித்துக் காட்டியபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. திட்டத்தில் எதை வைப்பது, எதை விடுவது, அம்மாவையும் பிள்ளைகளையும் எப்படி ஒரே பயணத்தில் மகிழ வைப்பது என்று இந்த வழிகளை அறிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

மலைவழிச் சாரதி எழுதியது:

சகோதரி, கொட்டாஞ்சேனையிலிருந்து இருபது வருடங்களுக்கு மேலாக மலைநாட்டுக்கு வான் ஓடுகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் திட்டத்தில் பாதியை இப்போதே வெட்டிவிடுங்கள். கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீற்றர்தான்; ஆனால் நிட்டம்புவை, வரக்காப்பொலை, கேகாலை, மாவனல்லை என்று ஒவ்வொரு நகரத்திலும் நெரிசலில் நின்று, கடுகண்ணாவை ஏற்றத்தையும் கடந்து போய்ச் சேர மூன்றரை மணி நேரமாவது வேண்டும். வந்தாறுமூலை கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணம் ஏறத்தாழ நானூறு. இவை எல்லாவற்றையும் ஆறு நாளில் கோத்தால், ஒன்பது வருடம் கழித்துச் சந்தித்த சகோதரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு வீடு திரும்புவீர்கள்.

ஒரு வட்டமாகப் போய் வாருங்கள். கொழும்பிலிருந்து பேராதனை, கண்டியில் இரண்டு இரவுகள். கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியா, அங்கே இரண்டு இரவுகள். இறங்கும்போது ஹட்டன், கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலவில் ஓர் இரவு. மறுநாள் அவிசாவளை ஊடாகக் கொழும்பு. போன பாதையிலேயே திரும்பி வரத் தேவையில்லை. ஒரு நாளும் நாலரை மணி நேரத்துக்கு மேல் ஓடவும் தேவையில்லை.

பதினான்கு பேருக்கு ஒரு கோஸ்டர் பஸ் போதும் என்று பலர் சொல்வார்கள். நான் இரண்டு வான்கள் பிடிக்கச் சொல்வேன். ஹோட்டன் சமவெளிக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு வான் இளையவர்களை ஏற்றிப் போகலாம். அம்மா விடிந்த பிறகு எழுந்து, சுடச்சுடத் தேநீர் குடித்து, மற்ற வானில் தன் விருப்பப்படி போகலாம். ஒரே வாகனம் என்றால் இளையவர்களின் வேகத்துக்கு முதியவர்களை இழுக்க வேண்டியிருக்கும், அல்லது முதியவர்களுக்காக இளையவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். இரண்டாவது நாளிலேயே மனஸ்தாபம் வந்துவிடும். இதை என் கண்ணாலேயே பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். வாடகை பேசும்போது ஒரு நாளுக்கு எத்தனை கிலோமீற்றர், மேலதிகமாக ஓடினால் எவ்வளவு, சாரதியின் இரவுத் தங்கலும் சாப்பாடும் யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று: கண்டி எசல பெரஹெர என்னும் தலதா மாளிகை ஊர்வலத் திருவிழா ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வரும். அந்த நாட்களில் நகர வீதிகள் மூடப்படும், அறைகள் கிடைக்காது, கிடைத்தாலும் விலை தாங்காது. பெரஹெர திகதிகளைப் பார்த்துவிட்டு விமானச் சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். இறம்பொடை வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வரும். எலுமிச்சை இலைகளைப் பறித்து ஒரு பையில் வைத்துக்கொண்டு, கசக்கி முகரக் கொடுங்கள்.

பேராதனைப் பழைய மாணவி எழுதியது:

நான் எண்பதுகளில் அங்கே படித்தவள். உங்கள் அம்மா எனக்கு மூத்தவர். மேலே உள்ள சகோதரர் சொன்ன வழியை நானும் ஆமோதிக்கிறேன். ஆனால் பேராதனைக்கு ஒரு காலைப் பொழுதை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு முழு நாளைக் கொடுங்கள், அதுவும் வேலை நாளாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போனால் கட்டடங்களைத்தான் பார்ப்பீர்கள்; பாடக் கோவைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விரிவுரைக்கு ஓடும் பிள்ளைகளைப் பார்த்தால்தான் உங்கள் மகளுக்கு அந்த இடம் பிடிபடும். போவதற்கு முன் அது விடுமுறைக் காலமா, பரீட்சைக் காலமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கலஹா வீதி வளாகத்தின் நடுவே செல்லும் பொது வீதி என்பதால் வாகனத்தில் இருந்தபடியே நிறையப் பார்க்கலாம். விடுதிக்குள்ளோ நூலகத்துக்குள்ளோ போக வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதி அனுமதி பெறுங்கள். அம்மா படித்த ஆண்டையும் விடுதியையும் அந்தக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் கொழும்பில்தான் தொடங்கியது. 1952 இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. திட்டமிடல் நிபுணர்களான அபர்குரொம்பியும் ஹொலிடேயும் வரைந்த திட்டத்தின்படி, ஷேர்லி டி அல்விஸ் என்ற கட்டடக் கலைஞர் மரங்களையும் மலைச்சரிவையும் குலைக்காமல் கட்டியெழுப்பிய வளாகம் அது. ஹந்தானை மலை ஒரு பக்கம், மகாவலி மறுபக்கம். செனட் கட்டடத்தின் கற்தூண்களுக்கு இடையில் நின்றால் வெயில் நேரத்திலும் குளிர்ச்சியான காற்று வரும். பிள்ளைகளை அங்கே சற்று நேரம் உட்கார விடுங்கள். இராமநாதன், அருணாசலம் ஆகியோரின் பெயர்களைத் தாங்கிய விடுதிகளைக் காட்டுங்கள். இந்த நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 இலேயே சங்கம் அமைத்துப் போராடியவர் பொன்னம்பலம் அருணாசலம் என்பதை வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும். வளாகத்தில் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது; அங்கிருந்து தொடங்குவது நல்லது.

உங்கள் மகளுக்கு: பொறியியற் பீடம் 1964 இல் பேராதனைக்கு வந்தது. அது மகாவலியின் மறுகரையில் இருக்கிறது. அக்பர் பாலம் என்னும் நடைபாலத்தைக் கடந்து போக வேண்டும். காலையில் அந்தப் பாலத்தின் மேல் மாணவர் கூட்டம் போகும்போது அவளும் அவர்களோடு நடக்கட்டும். அனுமதி முறையையும் அவள் இப்போதே விளங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. கொழும்பிலிருந்து தோற்றும் பிள்ளைக்கு, உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணக்கிடப்படும் இசட் புள்ளி மிக உயர்வாக வேண்டியிருக்கும். ஆகவே மொறட்டுவை ஒன்றையே மனதில் வைத்திராமல் பேராதனை, காலியில் உள்ள உறுகுணைப் பொறியியற் பீடம், கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் ஆகியவற்றையும் அவள் அறிந்திருக்கட்டும். மொறட்டுவை உங்கள் வீட்டிலிருந்து காலி வீதியில் ஒரு பஸ் தூரம்தானே. அதை இந்தப் பயணத்தில் சேர்க்கவே வேண்டாம்.

அம்மாவைப் பற்றி ஒரு வேண்டுகோள். அவர் படித்த காலத்தில், 1972 முதல் 1978 வரை, நாட்டின் பல்கலைக்கழகங்கள் யாவும் ஒரே பல்கலைக்கழகமாக இணைக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு வளாகமாக இயங்கின. பேராசிரியர் வித்தியானந்தன் நாட்டுக்கூத்தை மேடைக்குக் கொண்டுவந்து புத்துயிர் கொடுத்ததும் பேராதனைத் தமிழ்த்துறையில் இருந்தபோதுதான். இவற்றையெல்லாம் வழிகாட்டி ஒருவர் சொல்வதைவிட அவர் வாயால் கேட்பது நல்லது. சங்கமித்தை விடுதி குன்றின்மேல் இருக்கிறது. வானை மேலே வரை கொண்டுபோய் அவரை இறக்கிவிட்டு, பேரப்பிள்ளைகள் மூவரை மட்டும் அவரோடு விடுங்கள். நீங்கள் ஐவரும் சற்றுப் பின்னால் வாருங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லத் தயங்கும் கதைகளைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுவார்.

மட்டுநகர் வாசகர் எழுதியது:

எல்லோரும் கிழக்கை வெட்டிவிட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்றால் மலைநாட்டில் மழையும் மூடுபனியும் இருக்கும். கிழக்கில் வானம் வெளித்து, கடல் அமைதியாக இருக்கும். கிழக்குப் பல்கலைக்கழகம் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் தனிப் பல்கலைக்கழகமானது. வந்தாறுமூலை வளாகத்திலிருந்து வாழைச்சேனைப் பக்கம் போனால் பாசிக்குடா. இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம், எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பாதுகாப்பான கடல் கிடையாது. என் மகள் வந்தாறுமூலையில்தான் படிக்கிறாள். இம்முறை நேரமில்லை என்றால் சரி. ஆனால் அடுத்த முறை என்று சொல்லிக் கைவிட்டுவிடாமல், வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் திரும்பிப் போவதற்கு முன் மூன்று நாளாவது தனியாக ஒதுக்கப் பாருங்கள்.

மலையேறும் தம்பி எழுதியது:

அக்கா, மலைப் பகுதியைப் பற்றி நான் சொல்கிறேன். தும்பறையை விட்டுவிடுங்கள், அது கண்டிக்கு மறுபுறம், அதற்கென்று இரண்டு நாள் வேண்டும். ஹோட்டன் சமவெளி ஒன்றே போதும். அது கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. உலக முடிவு என்று சொல்லும் செங்குத்துப் பாறை விளிம்பிலிருந்து ஏறத்தாழ 870 மீற்றர் கீழே பள்ளத்தாக்கு தெரியும். பத்து மணிக்குள் மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஆறு மணிக்கு வாயிலில் நின்றால்தான் பார்க்கலாம். சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றர் அளவு. மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். பொலித்தீன் பைகளையும் உறைகளையும் வாயிலிலேயே எடுத்துவிடுவார்கள், ஆகவே சாப்பாட்டை வாழையிலையிலும் டப்பாவிலும் கட்டுங்கள்.

அந்த நேரத்தில் அம்மாவை சீதாஎலியவில் உள்ள சீதையம்மன் கோயிலுக்கும், பக்கத்திலேயே ஹக்கலைத் தாவரவியல் பூங்காவுக்கும் கூட்டிச் செல்லலாம். மலேரியாவுக்கான கொயினா மருந்து தரும் சிங்கோனா மரத்தைப் பயிரிடுவதற்காக 1861 இல் தொடங்கிய பூங்கா அது. இளைப்பாற இருக்கைகள் உண்டு.

பேராதனையில் பிள்ளைகள் ஹந்தானைப் பக்கம் ஏற விரும்பினால் அட்டைகளை எதிர்பார்க்க வேண்டும். செருப்போடு வருபவர்களின் கால்விரல் இடுக்கில்தான் முதலில் ஏறும். கடித்தது தெரியாது, சப்பாத்துக்குள் ஈரம் பட்ட பிறகுதான் இரத்தம் என்று தெரியும். நீண்ட காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டு, கட்டிச் சவர்க்காரத்தை ஈரமாக்கிக் கணுக்காலிலும் காலுறையிலும் பூசுங்கள். சிறு துணியில் உப்பை முடிந்து வைத்துக்கொண்டால், ஒட்டியதன் மேல் தொட்டவுடன் விழுந்துவிடும். பிடுங்கி எடுக்க வேண்டாம்.

கித்துல்கல பற்றி மிகுந்த அக்கறையோடு ஒன்று சொல்கிறேன். மஸ்கெலி ஓயாவும் கெசல்கமு ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாக வரும் இடம் அது; மேலே நீர்மின் நிலையங்கள் இருப்பதால் மழையைத் தவிர, நீரைத் திறக்கும் நேரத்தைப் பொறுத்தும் மட்டம் மாறும். சில வருடங்களுக்கு முன் நாங்கள் போனபோது ஒரு படகுக்காரர் கொடுத்த உயிர்காப்பு அங்கியின் நடுக்கொளுவி உடைந்து, சணல் கயிற்றால் கட்டியிருந்தது. அவசரத்தில் அப்படியே போட்டுக்கொண்டு ஏறினேன். மூன்றாவது பாய்ச்சலில் படகு சரிந்து தண்ணீரில் விழுந்தபோது அங்கி கழுத்தைத் தாண்டி மேலே வந்துவிட்டது. நண்பன் முடியைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தேன். ஒவ்வொரு பிள்ளையின் கொளுவியையும் நீங்களே பூட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுக்கு மேலே வந்தால் வேறு அங்கி கேளுங்கள். ஆகஸ்டில் நீர் கலங்கி உயர்ந்திருந்தால் படகோட்டத்தையே கைவிட்டுவிடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். எட்டு வயதுத் தம்பியை எப்படியும் ஏற்ற வேண்டாம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவகம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கைகளை ஒவ்வொரு நாளும் இரவில் பாருங்கள்.

வெள்ளவத்தை வாசகி மீண்டும் எழுதியது:

ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு ஐவரும் தொலைபேசியில் கூடி, வட்டப் பாதையை ஏற்றுக்கொண்டோம். இரண்டு வான்கள், பேராதனைக்கு ஒரு முழு வேலை நாள், கித்துல்கலவில் நீரைப் பார்த்த பிறகே முடிவு. பெரஹெர முடிந்து நான்கு நாள் கழித்துப் புறப்படுகிறோம். சின்னண்ணா அதன்பின் எல்லோரையும் ரயிலில் யாழ்ப்பாணம் கூட்டிச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார். மட்டுநகர் ஐயாவுக்கு: லண்டன் அக்கா ஒரு வாரம் கூடுதலாக நிற்கிறாள், பாசிக்குடாவுக்கு அவளும் நானும் பிள்ளைகளோடு வருவோம்.

நீங்கள் எழுதியவற்றை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சங்கமித்தை விடுதி பற்றிய பகுதி வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வானில் மேலே வரை போக வேண்டாமாம்; அந்த ஏற்றத்தைத் தோழிகளோடு எத்தனை தடவை மூச்சிரைக்க ஏறியிருப்பார், பாதி வழியாவது நடந்தே பார்க்க வேண்டுமாம். இன்று காலை முதல் வீட்டின் முன்விறாந்தையில் பத்துத் தரம் நடக்கத் தொடங்கியிருக்கிறார். பதிவாளருக்கு எழுதும் கடிதத்தில் தன் பதிவிலக்கத்தையும் குறிப்பிட வேண்டும் என்று சொன்னார். அது இன்னும் அவருக்கு மனப்பாடமாக இருக்கிறது.

பேராதனைப் பழைய மாணவியிடம் ஒரு கேள்வி: சங்கமித்தைக்கு ஏறும் வழியில் அம்மா இடையில் உட்கார்ந்து இளைப்பாற மதிலோ படியோ ஏதாவது இருக்கிறதா?

பேராதனைப் பழைய மாணவி எழுதியது:

கடைசியாக நான் போனபோது வீதி ஓரமாக மதிற்கட்டும் நிழல் மரங்களும் இருந்தன. ஆனாலும் ஒரு மடக்குக் கதிரையைப் பேரனின் கையில் கொடுத்து அனுப்புங்கள். காலை ஒன்பது மணிக்கு முன் ஏறினால் வெயில் படாது.