கயிறு 200 மீட்டர் 26,000 ரூபாயாம்! யாரு காதுல பூ சுத்துதாவ?

கணக்கப்பிள்ளை டவுன் | காலை 6.40
நேத்து சாயங்காலம் ஜங்ஷன்ல பஸ்ஸுக்கு நிக்கேன். ரெண்டு பயலுவ ஆரஞ்சு பனியன் போட்டுக்கிட்டு உண்டியலும் நோட்டீஸுமா வாராணுவ. மலையில மாட்டிக்கிடுதவங்கள மீட்குத தன்னார்வக் குழுவாம். யாருக்கும் சம்பளம் கிடையாதாம். நல்ல காரியந்தான், நான் குறை சொல்லல. நோட்டீஸத் திருப்பிப் பாத்தா, "கயிறு 200 மீட்டர், ரூ. 26,000". மீட்டர் 130 ரூபா! முப்பது வருசம் இரும்புக்கடையில கணக்கு எழுதினவன் நான். கயித்த எடை போட்டுத்தான் விப்பாவ. கிலோ 220. 12 எம்எம் கயிறு 200 மீட்டர் பதிமூணு கிலோ நிக்கும். ஆகமொத்தம் 2,860. மிச்சம் 23,140 எங்க போச்சு? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாபநாசம் பாறை | காலை 7.15
அண்ணாச்சி, அந்தக் குழுவுல நானும் ஒருத்தன். நீங்க சொல்லுதது லாரியில தார்ப்பாய் கட்டுத பாலிபுரொப்பிலீன் கயிறு. அது தண்ணியில மிதக்கும். கசத்துல விழுந்தவனுக்கு எறியதுக்கு அதை நாங்களும் வச்சிருக்கோம். ஆனா அதுல ஆளத் தொங்கவிட முடியாது. இறங்குத கருவிக்குள்ள உரசி ஓடும்போது சூடு ஏறும், 165 டிகிரி பக்கம் வந்தா உருகிரும். நோட்டீஸ்ல போட்டிருக்கது நைலான். உள்ள நார்க்கட்டு, மேல பின்னின உறை, 11 எம்எம், சுமார் மூவாயிரம் கிலோ இழுவை தாங்கும். அது எடைக்கு விக்காது, மீட்டருக்குத்தான்.

கணக்கப்பிள்ளை டவுன் | காலை 7.22
மூவாயிரம் கிலோவா? யானையவா வே தூக்கப் போறீரு?

பாபநாசம் பாறை | காலை 7.40
ஸ்ட்ரெச்சர்ல ஒருத்தர், பக்கத்துல பிடிச்சுக்கிட்டு ஒருத்தர், சாமானோட 200 கிலோ வந்துரும். முடிச்சு போட்டாலே கயிறு பலம் குறையும். நனைஞ்சா இன்னும் குறையும். பாறை விளிம்புல உரசும். இதெல்லாம் போக பத்துப் பங்கு தாங்கணும்னு கணக்கு. வேணும்னா ஞாயித்துக்கிழமை பயிற்சிக்கு வாங்க, நேர்ல காட்டுதேன்.

கணக்கப்பிள்ளை டவுன் | காலை 7.44
நான் கேட்டது பில்லு. நீரு காட்டுதது பாறை.

மேலகரம் | காலை 8.05
டவுன் அண்ணாச்சி கேக்கதுல தப்பு என்ன இருக்கு? 2024 ஆனித் தேரோட்டத்துல நெல்லையப்பர் தேர் வடமே அறுந்துச்சு. அவ்வளவு மொத்த வடத்துக்கே அந்தக் கதி. இவனுவ 11 எம்எம்ல ஆளத் தூக்கப் போறானுவளாம்.

கணக்கப்பிள்ளை டவுன் | காலை 8.09
தேரப் பத்தி நீரு பேசாதீரும். அது எங்க ஊர்த் தேரு. வடம் அறுந்தாலும் அன்னைக்கு இழுத்தது நாங்க.

மேலகரம் | காலை 8.12
ஓய், உமக்குத்தான ஆதரவாப் பேசுதேன்!

விகேபுரம் டீச்சர் | காலை 8.50
நான் ஐநூறு ரூபாய் கொடுத்தேன், ரசீதும் தந்தாங்க. கயிறு விலையில எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா காரையாறுக்கு மேல போனா முன்னால வழி காட்டிப் போறது அங்க இருக்கிற காணிப் பழங்குடிக்காரங்கதான். எந்தப் பாறையில பாசி வழுக்கும், எந்த ஓடை எப்ப பெருகும்னு அவங்களுக்குத்தான் தெரியும். அவங்களுக்கு ஒருநாள் கூலியாவது உண்டா? நோட்டீஸ்ல அந்த வரியே இல்லையே.

கணக்கப்பிள்ளை டவுன் | காலை 8.56
டீச்சர், ரசீது வேற, பில்லு வேற. ரசீது நீங்க கொடுத்த காசுக்கு. பில்லு அவங்க வாங்கின கயித்துக்கு. வகுப்புல இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தாரீங்களா?

விகேபுரம் டீச்சர் | காலை 9.01
நான் கயித்தப் பத்திப் பேசவே இல்ல அண்ணாச்சி.

அம்பை மருமகன் | காலை 10.30
மான்செஸ்டர்ல இருந்து எழுதுதேன். இங்க ஏரி மாவட்டத்து மலைகள்ல மீட்புக் குழு எல்லாமே தன்னார்வம்தான். கோனிஸ்டன் குழு 1947-ல ஆரம்பிச்சது. மலையில எவனாவது காலை ஒடிச்சுக்கிட்டு 999 அடிச்சா போலீஸ் இவங்களைக் கூப்பிடும். ஒரு பைசா கேக்க மாட்டாங்க. வண்டி, கயிறு, கட்டடம் எல்லாம் பெரும்பாலும் சனங்க போட்ட உண்டியல் காசு. கடைக்குக் கடை டப்பா வச்சிருப்பாங்க. டப்பாவைப் பாத்து எவனும் "பில்லு எங்க"ன்னு கேட்டு நான் பாத்ததில்ல.

மேலகரம் | காலை 10.34
அங்க புலி இருக்கா?

அம்பை மருமகன் | காலை 10.36
புலிக்கும் கயித்துக்கும் என்ன வே சம்பந்தம்?

பாபநாசம் பாறை | காலை 10.52
சம்பந்தம் இருக்கு. களக்காடு முண்டந்துறை 1988-லயே புலிகள் காப்பகம் ஆயிட்டு. உள்ள எவனாவது விழுந்து கிடக்கான்னு தெரிஞ்சாலும் நாங்க பாட்டுக்கு ஓட முடியாது. வனத்துறை கூப்பிட்டாத்தான் போகணும், இல்லன்னா எங்க மேல கேஸு. அதனால பாதி நாள் நாங்க பண்ணுதது தலையணை, மணிமுத்தாறு பக்கம் வழுக்கி விழுந்தவங்களத் தூக்குத வேலைதான். கேக்க சின்ன வேலை. ஒரு ஸ்ட்ரெச்சர ஒரே நேரத்துல ஆறு பேர் பிடிக்கணும். பாறையில கால் மணி நேரத்துல கை விட்டுரும். மாத்து ஆளோட பதினெட்டுப் பேர் இருந்தாத்தான் ரெண்டு கிலோமீட்டர் கொண்டுவர முடியும். எல்லாருக்கும் அன்னைக்கு லீவு கிடைக்கணும். இதுல நாலு பேரு கடை வச்சிருக்கவங்க, ஷட்டர இழுத்துப் பூட்டிட்டு வாராவ.

நாலுமுக்கு | காலை 11.20
ஸ்ட்ரெச்சர் எல்லாம் இப்போ. எங்க தாத்தா காலத்துல மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துல ஆளுக்குச் சுகமில்லன்னா கம்பளியக் கம்புல கட்டித் தூக்குவாவ. வண்டி வராத நாள்ல அப்படித்தான். முன்ன ரெண்டு பேரு, பின்ன ரெண்டு பேரு, அட்டைக்கடியோட. 2024-ல தோட்ட வேலை நின்ன பொறவு மேல தூக்குததுக்கு ஆளே இல்ல. இப்ப அங்க ஒருத்தன் விழுந்தா யாருக்குத் தெரியும்?

கணக்கப்பிள்ளை டவுன் | காலை 11.31
பாத்தியளா? கம்பளி! கம்பு! அதுக்கு எவன் 26,000 வசூல் பண்ணினான்? நாலுமுக்கு தம்பி என் கட்சி.

நாலுமுக்கு | காலை 11.33
நான் யாரு கட்சியும் இல்ல. தூக்கிட்டு வந்த வழியிலயே போய்ச் சேர்ந்தவங்களும் உண்டு. எங்க பெரியம்மா அதுல ஒருத்தி.

அம்பை மருமகன் | பகல் 12.10
நானும் ஒரு விசயம் சொல்லணும். போன மாசம் இந்தக் குழுவுக்கு நூறு பவுண்டு அனுப்புதேன்னேன். வாங்க முடியாதுன்னுட்டாவ. ஜங்ஷன்ல பத்து ரூபாய்க்கு உண்டியல் குலுக்குதவங்களுக்கு என் நூறு பவுண்டு கசக்குதா?

பாபநாசம் பாறை | பகல் 12.25
அண்ணே, உங்க பாஸ்போர்ட்டு பிரிட்டிஷ். அப்போ அது வெளிநாட்டு நன்கொடை. அதுக்கான எஃப்சிஆர்ஏ சட்டத்துல பதிவு இல்லாம வாங்கினா குழுவையே இழுத்து மூடணும். இந்தியப் பாஸ்போர்ட்டு வச்சிருக்கவரு அங்க சம்பாதிச்சு பேங்க் வழியா அனுப்பினா அந்தச் சட்டத்துல வராது. போன்லயே சொன்னேனே.

அம்பை மருமகன் | பகல் 12.28
பாஸ்போர்ட்டு மாறினா நான் அம்பைக்காரன் இல்லன்னு ஆயிருமா? தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளந்த உடம்பு வே இது.

கணக்கப்பிள்ளை டவுன் | பகல் 12.40
ஆக நூறு பவுண்டு வேண்டாம், என் பத்து ரூபா மட்டும் வேணும். பவுண்டுக்குக் கணக்கு கேப்பாங்கன்னு பயம். கொடுக்குதவனுக்கு வருமான வரிச் சலுகையாவது இருக்கா?

பாபநாசம் பாறை | பகல் 12.47
இருக்கு. ஆனா ரொக்கமா ரெண்டாயிரத்துக்கு மேல கொடுத்தா வரிவிலக்கு கிடைக்காது, பேங்க்லதான் போடணும். நீங்க எவ்வளவு போட்டிய அண்ணாச்சி?

கணக்கப்பிள்ளை டவுன் | பகல் 12.49
நான் எவ்வளவு போட்டேங்கது கேள்வி இல்ல. கயிறு எவ்வளவுங்கதுதான் கேள்வி.

மேலகரம் | பகல் 1.15
அப்போ ஒண்ணும் போடல.

கணக்கப்பிள்ளை டவுன் | பகல் 1.30
2023 டிசம்பர் வெள்ளத்துல ரெண்டு நாள் மொட்டமாடியில கிடந்தேன். ஆத்தங்கரையில இருந்து நாலாவது தெரு. கரண்டு இல்ல, குடிதண்ணி இல்ல, வீட்டுல சுகர் பேசண்டு. அன்னைக்கு எங்களக் கீழ இறக்கினது மீன்பிடிக்கிற படகு. அவங்க கட்டினது கிலோ 220 ரூபாய்க் கயிறு. உங்க நார்க்கட்டும் உறையும் எங்க போச்சு அன்னைக்கு?

பாபநாசம் பாறை | பகல் 1.36
எங்க குழுவ ஆரம்பிச்சதே 2024 சித்திரையில, அந்த வெள்ளத்தப் பாத்துட்டுத்தான்.

கணக்கப்பிள்ளை டவுன் | பகல் 1.38
அதான் சொல்லுதேன். வரலல்ல?

மேலகரம் | பகல் 2.20
மலைக்கு வருவோம். 2024 மே மாசம் பழைய குத்தாலத்துல திடீர்னு தண்ணி வந்து 17 வயசுப் பையன் போயிட்டான். மேல மழை பெஞ்சது கீழ குளிக்கவங்களுக்குத் தெரியல. அங்க கயிறும் கெடையாது, குழுவும் கெடையாது. பாபநாசத்துக்கு ஒரு குழு, எங்க தென்காசிக்கு என்ன?

கணக்கப்பிள்ளை டவுன் | பகல் 2.26
குத்தாலம் திருநெல்வேலிதான்.

மேலகரம் | பகல் 2.27
2019 நவம்பர்லயே தனி மாவட்டம் ஆயாச்சு அண்ணாச்சி. நீரு எழுதின பேரேட்டுல இன்னும் ஏறலையோ?

கணக்கப்பிள்ளை டவுன் | பகல் 2.30
கோடு போட்டது ஆபீஸ்ல. சாரல் கோட்டப் பாத்தா விழுது? எங்க அப்பா காலத்துல இருந்து அது நம்ம குத்தாலம்.

மேலகரம் | பகல் 2.31
அப்போ ஆடியில குப்பைய அள்ள வாரும், நம்ம குத்தாலம்னு.

விகேபுரம் டீச்சர் | பகல் 3.05
இன்னொரு தடவை கேக்கேன். காணிக்காரங்களுக்குக் கூலி உண்டா, இல்லையா? ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்கு வாற கூட்டத்துல ஆள் காணாமப் போனாலும் தேடப் போறது அவங்கதான்.

பாபநாசம் பாறை | பகல் 3.40
டீச்சர், சாப்பாடும் பஸ் காசும் தாரோம். கூலின்னு தரல. அது சரியில்லன்னு கூட்டத்துல நானே பேசிட்டேன். இன்னும் முடிவாகல. கயித்துக்கு வருவோம்னா, அண்ணாச்சி, அதப் பயன்படுத்தாம வச்சாலும் பத்து வருசத்துல கழிச்சிரணும்னு செய்யுதவனே சொல்லுதான். நடுவுல பெரிய கல்லு மேல விழுந்துட்டா அன்னைக்கே வெட்டிப் போட்டுரணும். உள்நார் அறுந்திருக்கது வெளியில தெரியாது.

கணக்கப்பிள்ளை டவுன் | பகல் 3.43
வெட்டிப் போடுத கயித்துக்கா வே 26,000?

அம்பை மருமகன் | பகல் 3.50
சவத்த, கோட்டி பிடிக்கப் போவுது எனக்கு.

நாலுமுக்கு | பகல் 4.10
அதே நோட்டீஸ்ல ஸ்ட்ரெச்சருக்குக் கயித்த மாதிரி ரெண்டு மடங்கு போட்டிருக்கு. அத ஒருத்தரும் கேக்கல.

கணக்கப்பிள்ளை டவுன் | பகல் 4.12
ஸ்ட்ரெச்சர் நான் வித்ததில்ல, எனக்கு அதுல விவரம் இல்ல. தெரியாததுல மூக்க நுழைக்க மாட்டேன். கயிறு எனக்குத் தெரியும்.

பாபநாசம் பாறை | மாலை 5.30
பில்லு படம் எடுத்துப் போட்டிருக்கேன். 200 மீட்டர், 11 எம்எம், வரியோட 26,000. திருப்தியா?

கணக்கப்பிள்ளை டவுன் | மாலை 5.58
பாத்தேன். பெங்களூர்க் கடை பில்லு. ஏன், திருநெல்வேலியில கடை இல்லையா? நம்ம ஊர்க் காசு நம்ம ஊர்லதான இருக்கணும்? நாலு கடையில விலை விசாரிச்சியளா? விசாரிச்ச சீட்டு எங்க?

பாபநாசம் பாறை | மாலை 6.02
இங்க அது விக்க ஆளில்ல அண்ணாச்சி!

கணக்கப்பிள்ளை டவுன் | மாலை 6.05
கேட்டியளா? எந்தக் கடையில கேட்டிய? கடை பேரச் சொல்லும்.

மேலகரம் | மாலை 6.40
எல்லாரும் மன்னிக்கணும். ஞாயித்துக்கிழமை மணிமுத்தாறு அருவியில குளிக்க விடுதாவளா? பிள்ளைகளோட வரணும்.

கணக்கப்பிள்ளை டவுன் | மாலை 6.41
தென்காசிக்காரருக்கு எங்க அருவி எதுக்கு?