ஓவனில் வைத்த ஃபலாஃபெல் வேகவே மாட்டேன் என்கிறது, அவசரம்

லண்டன்_புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் லண்டனுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இவருக்குக் கொழுப்பு அதிகம், எண்ணெயில் பொரித்ததைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கோ வாணலியில் எண்ணெய் காய்ந்தாலே ஸ்மோக் அலாரம் கத்துகிறது. போன வாரம் அப்பளம் பொரித்ததற்கே மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். அதனால் ஃபலாஃபெலை, அதுதான் கொண்டைக்கடலையை அரைத்துச் செய்கிற அரபு வடையை, ஓவனில் வைத்துப் பார்த்தேன். வீடியோவில் 200-ல் 25 நிமிடம் என்றார்கள். 40 நிமிடம் வைத்தும் நிறம் மாறவில்லை. மேலே வெடித்துப் போன களிமண், உள்ளே பச்சை மாவு, திருப்பினால் உடைகிறது. ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்துவிடுவார். பாதி மாவு இன்னும் கிண்ணத்தில் இருக்கிறது. யாராவது சொல்லுங்களேன்.

ஷார்ஜா_மாமா:
கடலையை வேகவைத்தாயாம்மா? எல்லாரும் சறுக்குவது அங்கேதான். ஃபலாஃபெலுக்குக் கொண்டைக்கடலையை வேகவைக்கவே கூடாது. 12 மணி நேரமாவது ஊறவைத்து, வடித்து, துணியில் ஈரம் ஒற்றி, பச்சையாகவே கொரகொரவென்று அரைக்க வேண்டும். வெந்த கடலை ஏற்கெனவே தண்ணீர் குடித்திருக்கும், பிடிப்பு இருக்காது. அது ஹம்முஸ் என்கிற கடலை விழுதுக்கு. ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே கடை வைத்திருந்த பாலஸ்தீனக்காரர் கைப்பிடி வைத்த சின்னக் கரண்டியில் மாவை வழித்து ஒரு அழுத்து அழுத்துவார், வில்லை நேராக எண்ணெயில் விழும். ஒரே அறையில் ஆறு பேர் கிடந்த காலத்தில் மாசக் கடைசி முழுக்க எங்களுக்கு அதுதான் ராத்திரிச் சாப்பாடு. ஓவனில் வைத்தால் அது ஃபலாஃபெலே இல்லை.

டூட்டிங்_தம்பி:
மாமா, வேலைக்கு ஓடுகிற வீட்டில் 12 மணி நேரம் ஊறவைத்துக்கொண்டு உட்கார முடியுமா? நான் டின் கடலையில்தான் செய்கிறேன். நன்றாக வடித்து மூன்று ஸ்பூன் கடலை மாவு சேர்த்தால் போதும், பிடித்துக்கொள்ளும். அக்கா, உங்களது கேஸ் ஓவனா, கரண்டா? கேஸ் என்றால் 200-க்கு மார்க் 6. நாங்கள் வந்த புதிதில் ஓவனை வாணலி அடுக்கி வைக்கிற அலமாரியாகத்தான் வைத்திருந்தோம். கடலை மாவு ஈஸ்ட் ஹாம் பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

வடை_கட்சி:
கடலையை ஊறவைத்து, வெங்காயம், மல்லித்தழை போட்டுத் தட்டினால் எங்கள் ஊரில் அதற்கு வடை என்று பெயர். அதையே பிட்டா ரொட்டிக்குள் வைத்து விற்றால் மூன்று மடங்கு விலை. நம்ம ஆட்கள்தான் கடை போடத் தெரியாமல் இருக்கிறோம்.

ஸ்காபரோ_அன்ரி:
பிள்ளை, யோசிக்காதையுங்கோ. நாங்களும் வந்த புதுசில பேஸ்மென்ற்றில இருந்துதான் தொடங்கினனாங்கள். மீன் பொரிச்சால் மேல வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார், கறி வைச்சால் யன்னலைத் திறக்கச் சொல்லுவார், வெளியில பனி கொட்டும். குளிக்கேக்க தலைக்குப் போடுற பிளாஸ்ரிக் தொப்பியை அலாரத்துக்குப் போட்டுட்டுச் சமைச்சனாங்கள்.

டூட்டிங்_தம்பி:
இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம்? எங்கள் வீட்டுக்காரர் ஒப்பந்தத்திலேயே ‘வாசனை வரும் சமையல் கூடாது’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அவர் வறுக்கிற பேக்கன் மட்டும் மணக்குதாம்.

வடை_கட்சி:
வாடகையில் பாதி அந்த வாசனைக்குத்தான் கட்டுகிறோம் போல.

வாட்டர்லூ_வாசி:
பாவம், அந்தப் பெண் கேட்டது ஒன்று, நாம் பேசுவது வேறொன்று. மணி ஓடுகிறது. தங்கச்சி, மூன்றே கேள்வி. டின் கடலையா, காய்ந்த கடலையா? மாவை எதில் அரைத்தீர்கள்? ஓவனில் பேக் பொத்தானை அழுத்தியதும் முதலில் என்ன எண் வந்தது?

லண்டன்_புதுசு:
காய்ந்த கடலைதான், நேற்று ராத்திரியே ஊறவைத்துவிட்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி இங்கே சுற்றமாட்டேன் என்கிறது, அதனால் 110 வோல்ட் மிக்ஸி வாங்கி அதில் அரைத்தேன். ஓவனில் முதலில் 350 என்று வந்தது. கருகிவிடுமோ என்று பயந்து 200-க்கு இறக்கினேன். தம்பி, ஈஸ்ட் ஹாம் எங்கே இருக்கிறது? டொராண்டோவிலிருந்து காரில் வர எங்களுக்கே இரண்டு மணி நேரம் ஆகிறது.

டூட்டிங்_தம்பி:
கனடா லண்டனா! நான் இங்கிலாந்து லண்டன் என்றல்லவா நினைத்தேன். முதலிலேயே சொல்லக்கூடாதா அக்கா.

வாட்டர்லூ_வாசி:
நினைத்தேன். இங்கே வெளியில் அடிக்கிற குளிர் செல்சியஸில், ஓவன் மட்டும் ஃபாரன்ஹீட்டில். வீடியோக்காரர் சொன்னது 200 செல்சியஸ், நீங்கள் வைத்தது 200 ஃபாரன்ஹீட். அது 93 செல்சியஸ்தான், தண்ணீர்கூடக் கொதிக்காது. அந்தச் சூட்டில் ஃபலாஃபெல் காயுமே தவிர சிவக்காது. மாவில் குற்றமில்லை.

இப்போது 400-க்கு ஏற்றுங்கள். ஓவன் சத்தம் கொடுத்த பிறகும் ஐந்து நிமிடம் விடுங்கள், வெறும் தட்டும் உள்ளேயே சூடாகட்டும். கிண்ணத்து மாவில் இரண்டு ஸ்பூன் கடலை மாவு, கால் டீஸ்பூன் பேக்கிங் சோடா கலந்து, ஓவன் சூடாகும் வரை ஃபிரிட்ஜில் வையுங்கள். உருண்டை வேண்டாம், அரை அங்குல கனத்தில் வடை மாதிரி தட்டுங்கள். உருண்டை என்றால் தட்டில் ஒட்டுகிற ஒரு புள்ளிதான் சிவக்கும், சப்பையாக இருந்தால் முகம் முழுக்க முறுகும். சூடான தட்டில் எண்ணெய் தடவி வைக்கும்போது ஸ்ஸ் என்று சத்தம் வர வேண்டும். மேலேயும் எண்ணெய் தொட்டுத் தடவுங்கள். எண்ணெயே இல்லாவிட்டால் வறட்டிதான், ஒரு தட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். 15 நிமிடம் கழித்து ஒன்றை மட்டும் தூக்கிப் பாருங்கள். தானாக விட்டு வந்தால் திருப்பலாம், ஒட்டினால் இன்னும் மூன்று நிமிடம். திருப்பிய பிறகு 10 நிமிடம்.

ஏற்கெனவே வைத்ததைத் தூக்கிப் போடாதீர்கள். எண்ணெய் தடவி அதே 400-ல் திரும்ப வையுங்கள். உடைந்ததை உதிர்த்து சாலட்டில் போடலாம்.

ஸ்காபரோ_அன்ரி:
தொட்டுக்கொள்ள தகினி இருக்கோ பிள்ளை? எள்ளு விழுதில எலுமிச்சைப் புளி விட்டதும் இறுகி உருண்டு நிக்கும், பழுதாப் போச்செண்டு ஊத்திப்போடாதையுங்கோ. குளிர் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு அடிக்க வெள்ளையா இளகி வரும். ஒரு பல்லு உள்ளி, உப்பு, அவ்வளவுதான்.

ஷார்ஜா_மாமா:
இதையாவது ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, கொண்டைக்கடலை இல்லையென்று சிவப்பு ராஜ்மாவைப் பச்சையாக அரைத்து இப்படிச் செய்துவிடாதே அம்மா. அது நன்றாகக் கொதித்து வெந்தால்தான் சாப்பிடலாம், இல்லாவிட்டால் வாந்திதான்.

லண்டன்_புதுசு:
அண்ணா, சத்தம் வந்தது! தட்டில் வைத்ததும் ஸ்ஸ் என்றது. முதல் தட்டு சிவந்துவிட்டது, ஓரம் கொஞ்சம் கூடுதலாகவே. அலாரமும் சும்மா இருக்கிறது. இவர் பார்க்கிங்கில் இருக்கிறாராம். வாரநாளில் திரும்பச் செய்ய மாவை ஃபிரீசரில் வைக்கலாமா? அந்தத் தொப்பி யோசனையும் நல்லா இருக்கே, செய்யட்டுமா?

வாட்டர்லூ_வாசி:
மாவாக வேண்டாம், தண்ணீர் விட்டுக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை தட்டி, இடைவெளி விட்டு உறையவைத்து, பிறகு பையில் போடுங்கள். எடுத்ததும் உருகவிடாமல் அப்படியே ஓவனில் வைக்கலாம், நாலைந்து நிமிடம் கூடுதலாக ஆகும். தொப்பி வேண்டவே வேண்டாம். நம் ஒன்டாரியோ மாகாணத்தில் ஸ்மோக் அலாரத்தை மூடுவதோ கழற்றுவதோ சட்டப்படி குற்றம், அபராதம் போடுவார்கள். அடுப்புக்கு மேலே இருக்கிற ஃபேனைச் சமைக்கத் தொடங்கும் முன்பே போடுங்கள். அதன் வடிகட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் சூடான தண்ணீரில் பாத்திர சோப்புப் போட்டு ஊறவைத்துக் கழுவுங்கள்.