கொரோனா நேரத்துல ஊர்ல வேலை இருந்துச்சுன்னு சொல்றது நெசமா?

தேவிபட்டினத்தான்:
2020 மார்ச்ல ஊரடங்கு போட்டப்ப நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங்ல இருந்தேன், கூப்புடுறப்ப வாங்கன்னு அனுப்புனாக, அவ்ளோதான். வாடகை கட்ட முடியாம ஊரு வந்து சேந்தேன். நேத்து டீக்கடைல, டவுன்லதான் வேலை போச்சு, நமக்கு கடல் இருக்குல்லங்கறாக. அப்ப ஊர்லயே இருந்தவுக சொல்லுங்க.

பாம்பன் வல்லம்:
கஞ்சிக்கு பஞ்சமில்ல மாப்ள, காசுக்குத்தான் பஞ்சம். ஏப்ரல் 15ல தொடங்குற மீன்பிடி தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், நாங்க நாட்டுப்படகு, கொஞ்ச நாள்ல கடலுக்கு விட்டுட்டாக. ஆனா ஏற்றுமதி நின்னு கணவாய், நண்டு எடுக்க கம்பெனி வண்டி வரல, நல்ல நீலக்கால் நண்ட கூடைல வச்சு தெருத்தெருவா கூவுனோம், மிச்சம் வீட்டு குழம்புக்கு. அதுக்குள்ள சென்னைல லோடு ஏத்துன மச்சான், கோயம்புத்தூர் லேத்து பட்டறைல இருந்த சித்தப்பா மகன்னு எல்லாம் வந்து ஏறிட்டாய்ங்க, நாலு பேரு போற வல்லத்துல ஏழு பேரு. டீசல், படகுப்பங்கு போக மிச்சத்த ஏழா பிரிச்சா என்னத்த வரும்? வேலை இருந்துச்சு, பங்குதான் சிறுத்துப்போச்சு.

முதுகுளத்தூர் அக்கா:
நூறுநாள் வேலைலயும் இதே கததான் தம்பி. அந்த ஏப்ரல்ல கூலி 229ல இருந்து 256ன்னு ஏத்துனாக, அளவு பாத்து போடுறதுல கைக்கு அம்புட்டும் வராது, அது வேற. அப்ப நூறு நாள்ங்கறது ஆளுக்கு இல்ல, குடும்பத்துக்குத்தான் இருந்துச்சு. எங்க வீட்ல பிஇ படிச்சு வேலை போயி வந்த மகன் கண்மாய்ல மம்பட்டி புடிச்சான், அவன் போன நாளெல்லாம் எங்கணக்குல கழிஞ்சுச்சு.

லாட்ஜ் பையன்:
எங்களுக்கு அதுவும் இல்லண்ணே. ராமேஸ்வரத்துல ரயில் நின்னு, கோயில் பூட்டுனதோட லாட்ஜ், ஆட்டோ, சங்குக்கடை எல்லாம் படுத்துருச்சு. செப்டம்பர் 1 கோயில் தொறந்தும் 22 தீர்த்தம் தொறக்கல, தீர்த்தம் ஊத்துறவுக வாளியோட சும்மா ஒக்காந்திருந்தாக. பேருதான் ஊரு, பொழப்பு டவுன் பொழப்பு.

கீழக்கரை:
எங்க தெருவுல பாதி சபுராளி வீடு, அதான் வெளிநாட்டுல சம்பாதிக்கறவுக வீடு. எங்க காக்கா (அண்ணன்) துபாய்ல ரூம்ல அடைஞ்சு கெடக்க, மாசாமாசம் வர்ற பணம் நின்னுச்சு. வீட்ட பாத்தா வசதி மாதிரி தெரியும், யார்ட்டயும் கேக்கவும் முடியாது.

தேவிபட்டினத்தான்:
வல்லம் அண்ணே, அந்த ஏழு பேர்ல இப்ப எத்தன பேரு?

பாம்பன் வல்லம்:
மச்சான் மட்டும் நின்னுட்டான். அங்க போனாலும் தூக்குற வேலைதான், இங்கன்னா ஆத்தா சோறு போடுதுங்கறான்.