சங்கத் தலைவரைச் சீட்டுக் குலுக்கித் தெரிவு செய்தால் என்ன?

வாய்க்கால்கரை:
இலங்கையில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துப் பக்கம் எங்கள் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பில் கனகாலமாக ஒரே தலைவர்தான். ஆள் கெட்டவர் இல்லை. ஆனால் தண்ணி குறைந்த கோடைச் சிறுபோகத்துக்கு யாருக்கு எத்தனை ஏக்கர் என்று பங்கு பிரிக்கிற அன்றைக்குத்தான் மண்டபம் நிறைகிறது, கணக்கு வாசிக்கிற கூட்டத்துக்கு ஆள் சேராமல் தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கும். கேட்டால் 'சனத்துக்குப் பொதுநலம் இல்லை' என்கிறார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தெஸ்கியூவும் 1748இல் மக்களாட்சியை இயக்குவது குடிமக்களின் நற்பண்புதான் என்று எழுதினார். அப்போ பண்பு இல்லாத சனத்தால் தன்னைத் தானே ஆள முடியாதா?

முறிகண்டியான்:
அண்ணை, பண்பைப் பிடித்துத் தொங்கினால் தலைவருக்குத்தான் வசதி. முறை மாறி மாறி ஆள்வதும் ஆளப்படுவதும்தான் குடிமகனின் வேலை என்றார் அரிஸ்டாட்டில். பதவிக்குச் சீட்டுக் குலுக்குவது மக்களாட்சி, வாக்குப் போட்டுத் தெரிவது சிலராட்சிப் பக்கம் சாய்வது என்பதும் அவர் கணக்கு. பழைய கிரேக்க நகரமான ஏதென்சில் 500 பேர் அவைக்குக் குலுக்கல்தான், ஒருவர் ஆயுளில் இரண்டு தடவைக்கு மேல் இருக்க முடியாது. நாளைக்கு அந்தக் கணக்குப் புத்தகம் என் கைக்கு வரும் என்று தெரிந்தால் கணக்குக் கூட்டத்துக்கு வராமல் விடுவேனா?

வயல்காரி:
ஏதென்ஸ் வரைக்கும் ஏன்? பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, கி.பி. 921. குடத்துக்குள் ஓலை, எடுப்பது ஒரு சிறுவன், பதவி ஒரு வருடம். கணக்குக் காட்டாதவர் மட்டும் இல்லை, அவருடைய உறவுக்காரரும் நிற்க முடியாது. நல்லவராக இருங்கள் என்று யாரும் கெஞ்சவில்லை. ஆனால் மேடைப் பேச்சில் விட்டுவிடுகிற பாதி ஒன்று இருக்கிறது: அது பிராமணர் சபை, சொந்த நிலமும் வீடும் வேணும், வயது 35க்கும் 70க்கும் இடையில். எங்கள் காணிப் பெர்மிட் செத்துப்போன மாமனார் பெயரில், தண்ணி கட்டுகிறது நான். கூட்டத்தில் கை தூக்கினால் 'காணிக்காரர் எங்கே?' என்கிறார்கள். 1931இலேயே பெண்களுக்கு வாக்கு வந்த தீவு இது!

வாய்க்கால்கரை:
அது சரி அக்கா. ஆனால் குலுக்கலில் துலுசு (குளத்து மதகு) திறக்கவே தெரியாத ஆள் வந்தால்?

முறிகண்டியான்:
ஏதென்சிலும் படைத்தளபதிகளை வாக்குப் போட்டுத்தான் எடுத்தார்கள். துலுசு தெரிந்தவரிடமே இருக்கட்டும், கணக்குப் புத்தகம் மட்டும் குலுக்கலில் சுற்றட்டும். ஆனால் குடத்துக்குள் யாருடைய பெயர் போகும் என்பதை முதலில் அமைப்பின் யாப்பு விதிகளில் எழுதுங்கள், அக்கா வயலில் நிற்கிறா, பெர்மிட்காரர் சுடலையில்.